என்கோடரைச் சோதிக்க எது போதும்: மீட்டரா, ஸ்கோப்பா, எண்ணும் போர்டா?

மோட்டாரின் இன்கிரிமென்டல் என்கோடரை (தண்டோடு சுழலும் கோடு போட்ட வட்டைக் கொண்டு பல்ஸ் பல்ஸாகச் சிக்னல் தரும் சென்சார்) சோதிக்க மல்டிமீட்டர், ஆசிலோஸ்கோப், லாஜிக் அனலைசர், பல்ஸை எண்ணும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு என்று நான்கு வழி உண்டு. மீட்டர் எப்படியும் கையில் இருக்கும். கூடுதலாக ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எண்ணும் போர்டையே சொல்வேன். ஸ்கோப் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

5 வோல்ட் என்கோடரின் தண்டை மெதுவாகத் திருப்பினால், ஏ, பி என்ற இரண்டு சிக்னல் சேனல்களும் 0-க்கும் 5-க்கும் மாறி மாறித் தாவுவது மீட்டரில் தெரியும். வேகமாகச் சுழற்றும்போது டிசி அளவு 2.5 பக்கம் நின்றால் பல்ஸ் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கிறது. இரண்டு சேனலுக்கும் நடுவே 90 டிகிரி இடைவெளி (ஒன்று மற்றதைவிடக் கால் அலை தள்ளி வருவது) இருக்கிறதா என்பது மட்டும் மீட்டருக்குத் தெரியாது.

அதற்கு ஸ்கோப் வேண்டும். அதைவிட, பல்ஸ் ஏறும் விளிம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் எனக்கு அது பிடிக்கும். ஓப்பன் கலெக்டர் என்கோடர் சிக்னலை 0-க்கு மட்டுமே இழுக்கும்; அதை மேலே இழுக்கப் புல்-அப் ரெசிஸ்டர் போடாவிட்டால் சிக்னலே வராது. நல்ல என்கோடரும் செத்துப்போனது போலத் தோன்றும். எண்ணும் போர்டாகப் பயன்படும் ஆர்டுயினோ ஊனோவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். வயர் நீண்டால் விளிம்பு சோம்பேறித்தனமாக ஏறும். வெளியே 2.2 கிலோ ஓம் போட்டதும் நிமிர்ந்து நிற்பதை ஸ்கோப்பில் பார்க்கலாம். மோட்டார் டிரைவர் ஓடும்போது வரும் இரைச்சலையும் அதில்தான் ஒழுங்காகப் பிடிக்க முடியும்.

சரி, அப்படியிருந்தும் ஏன் போர்டு? 600 கோடுள்ள வட்டில் ஒரே ஒரு கோட்டில் அழுக்கு இருந்தால் திரையில் அலை அழகாகத்தான் ஓடும், கண்ணுக்குச் சிக்காது. எண்ணிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும்: ஒரு கோட்டுக்கு ஏ, பி இரண்டிலும் ஏறும், இறங்கும் நான்கு விளிம்புகளையும் எண்ணினால் ஒரே திசையில் ஒரு இசட் பல்ஸிலிருந்து (சுற்றுக்கு ஒரு முறை வருவது) அடுத்ததற்குச் சரியாக 2400 வர வேண்டும். இசட் இல்லாத மாடலில் தண்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, பத்துச் சுற்று முன்னே ஓட்டினால் 24,000-ஐ ஒட்டி வருகிறதா, பத்துச் சுற்று பின்னே ஓட்டினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்கலாம்.

ஊனோவுக்கும் ஓர் எல்லை உண்டு. 600 கோடு, 1000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 40,000 விளிம்பு. இண்டரப்ட்டை (ஒவ்வொரு விளிம்புக்கும் உடனே ஓடும் சிறு நிரலை) சுருக்கமாக எழுதினால் சமாளிக்கும். 2500 கோடு, 3000 ஆர்பிஎம் என்றால் 5 லட்சம். அங்கே விடுபடுவது போர்டின் குறையே ஒழிய என்கோடரின் குறையல்ல. அந்த வேகத்துக்கு, டைமரிலேயே என்கோடர் மோடு (விளிம்புகளை ஹார்டுவேரே எண்ணும் வசதி) உள்ள எஸ்டிஎம்32 வகைப் போர்டு நல்லது.

லாஜிக் அனலைசர் ஒரு முழுச் சுற்றையும் பதிவு செய்து, எந்த இடத்தில் பல்ஸ் விடுபட்டது என்று காட்டும். ஆனால் அது எல்லாவற்றையும் 0, 1 என்று வெட்டிவிடும். பாதி வோல்டேஜில் தள்ளாடும் சிக்னலும் அதில் சுத்தமாகவே தெரியும். அப்புறம், 24 வோல்ட் புஷ்-புல் (சிக்னலை 0-க்கும் 24-க்கும் தானே தள்ளும்) என்கோடரை நேரடியாக அதிலோ போர்டிலோ செருகிவிடாதீர்கள், இன்புட் போய்விடும்.