தண்ணீர்க் கிண்ணமும் ஒரு முயலும்: மூன்று ஆண்டு அனுபவம்

தண்டையார்பேட்டையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள எங்கள் வீட்டில் பஞ்சு என்ற முயலை மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்து வருகிறோம். எடை 1.8 கிலோ. இந்தக் காலத்தில் அதற்குத் தண்ணீர் வைக்க இரண்டு சாதனங்களைப் பயன்படுத்தியிருக்கிறேன்: கூண்டில் மாட்டும் குழாய் பாட்டில், அதன் பிறகு ஒரு கனமான பீங்கான் கிண்ணம். இரண்டில் எது என்று கேட்டால் கிண்ணம்தான் என்பேன்.

பாட்டிலை முதல் பதினான்கு மாதங்கள் வைத்திருந்தேன். அதன் குழாய் நுனியில் சிறு எஃகு உருண்டை இருக்கும். முயல் நாக்கால் அதைத் தள்ளினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரும். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதை அறிந்திருந்தும், மெட்ரோ வாட்டர் வராத நாட்களில் அதையே ஊற்றியது என் தவறு. அந்த ஆண்டு கத்திரி வெயிலின்போது பாட்டிலில் தண்ணீர் குறையவே இல்லை. கீரையில் பெரும்பகுதி நீர்தான் என்பதால், கீரை நிறையத் தின்னும் முயல் குறைவாகக் குடிப்பது இயல்பு. அதுவே காரணம் என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கொண்டைக்கடலை அளவில் இருக்க வேண்டிய புழுக்கைகள் மிளகளவுக்குச் சுருங்கி, கல்லாக இருந்தன. சிறுநீர் காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம் தடிமனாகப் படிந்திருந்தது. முயலின் உடல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தாராளமாக உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் சற்றுக் கலங்கலாக இருப்பது இயல்பே. ஆனால் தண்ணீர் குறைந்தால் அது மண்டியாகிவிடும். நான் குதிரைமசால் என்ற தீவனப் பயிரை வேறு போட்டுக்கொண்டிருந்தேன். வளர்ந்த முயலுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம்.

குழாயை விரலால் அழுத்திப் பார்த்தேன். உருண்டை அசையவில்லை, சுற்றிலும் உப்பு இறுகியிருந்தது. அன்று மாலை ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் வைத்ததும், பஞ்சு தலை நிமிராமல் வெகுநேரம் குடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

கிண்ணத்தின் முதல் நன்மை, முயல் தலையைத் தாழ்த்தி இயல்பாகக் குடிக்கிறது என்பது. இரண்டாவது, எவ்வளவு குடித்தது என்பதை அளக்க முடிகிறது. காலையில் 400 மில்லி ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளக்கிறேன். மின்விசிறிக் காற்றில் ஆவியாவதைக் கழிப்பதற்காக அதே அளவுள்ள இன்னொரு கிண்ணத்தை ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். மே மாதத்தில் அதிலேயே ஒரு நாளில் 25 மில்லி வரை குறைந்தது. இதைக் கழிக்காமல் இருந்திருந்தால், கோடையில் முயல் நன்றாகக் குடிப்பதாக மகிழ்ந்திருப்பேன். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி வரை இயல்பு என்பார்கள். பஞ்சு உலர்புல் தின்னும் நாட்களில் 160 மில்லியும், கீரை மிகுந்த நாட்களில் 100 மில்லியும் குடிக்கிறது. கிண்ணத்தில் குறையும் உண்டு: புல்லும் ரோமமும் விழும், தாடை நனையும், நாளுக்கு இரண்டு முறை கழுவியே ஆக வேண்டும்.

சென்ற மார்கழியில் இந்தக் கணக்கு எதிர்த்திசையில் மாறியது. வெயிலே இல்லாத நாட்களில் 220, பிறகு 260, ஒரு நாள் 310 மில்லி. “நல்லாத் தண்ணி குடிக்குதே, நல்லதுதானே?” என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன், புல் தொட்டியில் முந்தின நாள் புல் அப்படியே கிடப்பதைக் கவனிக்கும் வரை. காய்கறித் தராசில் நிறுத்தால் 1.6 கிலோ. அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். கடைவாய்ப் பற்களின் உட்பக்கம் கூர்முனைகளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தன. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. மென்று தேயாவிட்டால் இப்படித்தான் ஆகும். இரை எடுப்பது குறைந்த முயல் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கக்கூடும் என்று மருத்துவர் விளக்கியபோதுதான், நான் நல்ல அறிகுறியாக எண்ணியது பசியின் அடையாளம் என்பது புரிந்தது. சிறுநீரகக் கோளாறிலும் தாகம் கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அதில் குறை எதுவும் இல்லை. மயக்க மருந்து கொடுத்துப் பற்களைத் தேய்த்துச் சீராக்கிய பத்தாவது நாள், அளவு 170-க்குத் திரும்பியது.

இப்போது நாட்காட்டித் தாளில் தண்ணீர், மிஞ்சிய புல், ஞாயிறுதோறும் எடை ஆகிய மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் பஞ்சு பன்னிரண்டு மணி நேரம் எதையும் தின்னாமல் இருந்தால் அந்தத் தாளைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டேன். குடல் இயக்கம் நின்றுபோனால் முயலுக்கு அவகாசம் மிகக் குறைவு என்பதால், நேராக ஆட்டோ பிடித்து வேப்பேரிக்குத்தான்.