மனையியல் வகுப்பின் முதல் தையல் பாடம்: கையிலா, மெஷினிலா?

கைத்தையலுக்கு ஊசி, நூல், கத்தரி போதும். முப்பது பேரும் ஒரே நேரத்தில் தைக்கலாம். நூலை 45 செ.மீ. அளவில் வெட்டுங்கள். நீளமாக விட்டால் சிக்கு விழும், பாதி வகுப்பு அதை அவிழ்ப்பதிலேயே போய்விடும். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் ஓட்டுத் தையல் இழுத்தால் சுருங்கும். பை, தலையணை உறை போன்றவற்றுக்குக் ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னே கொண்டுவந்து போடும் கெட்டித் தையல்தான் தாங்கும்.

மெஷின் வேகமானது, ஆனால் பாதி நேரம் நூல் கோப்பதிலேயே கரையும். துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக்கொத்தாகத் தொங்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு மேல்நூலில்: துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்காமல் கோத்திருப்பார்கள், அதனால் நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்குள் நூல் இறங்கியிருக்காது. பாதத்தைத் தூக்கி மறுபடி கோத்தாலே சரியாகும். நடுத்தரப் பருத்திக்கு 14-ஆம் எண் ஊசி, 2.5 மி.மீ. தையல் நீளம். துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தையல் விட்டுவிட்டு விழும், ஊசி உடையவும் செய்யும்.

முதல் இரண்டு வகுப்பு கைத்தையலுக்கே என் ஓட்டு. பிறகு மெஷினில், நூலே கோக்காமல், கோடு போட்ட தாளில் ஓட்டிப் பழகட்டும். பொத்தான் தைப்பது பெரும்பாலும் கைவேலைதான்.