ஹூஸ்டனில் ஒரு பசுமைக்குடில்: 2021 உறைபனிக்கு முன்னும் பின்னும்

டெக்சாஸில் வீடு வாங்கிக் கொல்லைப்புறம் கிடைத்ததும் நம்மவர்கள் முதலில் தேடுவது கறிவேப்பிலைக் கன்று. அடுத்த கேள்வி, குளிர்காலத்தில் அதை எங்கே வைப்பது என்பது. கிரீன்ஹவுஸ் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் இதுவரை ஃபோனில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது எட்டடிக்குப் பன்னிரண்டடி. அலுமினியச் சட்டம், 6 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் (கடினப் பிளாஸ்டிக்) தகடுகள். 2018 வசந்தத்தில் பெட்டிகளாக வந்து இறங்கியது, நாங்களே பூட்டினோம். நான்கு பருவத்துக்கும் ஏற்றது என்று விளம்பரத்தில் இருந்தது. ஹூஸ்டனின் சாதாரணக் குளிர்காலத்துக்கு அது பொய்யில்லை. இங்கே உறைநிலையைத் தொடும் இரவுகள் வருடத்துக்குக் கொஞ்சம்தான். அந்த இரவுகளில் 1500 வாட் ஹீட்டர் ஒன்றை ஓடவிட்டால் போதும், காலையில் உள்ளே போனால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. குளிர்ந்தால் தானாக முடுக்கும் தெர்மோஸ்டாட் பிளக்குகள் சில, 35 டிகிரி பாரன்ஹீட்டில்தான் வேலையைத் தொடங்கும். அது தண்ணீர்க் குழாயைக் காக்கப் போதும், வெற்றிலையைக் காக்காது. நம் ஊர்ச் செடிகள் பலவற்றுக்கு 50 பாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது 10 செல்சியஸுக்குக் கீழே போனாலே செல் சவ்வுகள் பாதிக்கப்படத் தொடங்கும். இலை நன்றாக இருப்பது போலத் தெரியும், சில நாள் கழித்துத்தான் கொட்டும். வெப்பநிலையை நாமே வைக்கிற மாதிரியான தெர்மோஸ்டாட் வாங்குங்கள்.

2021 பிப்ரவரிக்கு முன் உள்ளே இருந்தவை: வெற்றிலைக் கொடி, பெரிய தொட்டியில் கறிவேப்பிலை, குண்டுமல்லி, பவளமல்லி, மனோரஞ்சிதம், இட்லிப்பூ, ஒட்டு மாங்கன்று, ஒரு வரிசை வாண்டா ஆர்க்கிட், அப்புறம் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய விதையில் முளைத்த பலா. கடையில் காசு கொடுத்து வாங்கியது பாதிகூட இருக்காது. மீதியெல்லாம் யாரோ பிரியமாக ஒடித்துக் கொடுத்த கிளை, யாரோ பொத்திக் கொண்டுவந்த விதை.

அந்தப் பிப்ரவரியில் டெக்சாஸை வழக்கமில்லாத உறைபனிக் குளிர் தாக்கியது. 15-ஆம் தேதி அதிகாலை மின்சாரம் போனது. டெக்சாஸின் மின்கட்டம் (கிரிட்) பெரும்பாலும் தனித்தே இயங்குகிறது, பக்கத்து மாநிலங்களிலிருந்து கொஞ்சம்தான் இழுத்துக்கொள்ள முடியும். எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் குளிரில் முடங்க, கட்டம் மொத்தமாகச் சரிந்துவிடாமல் இருக்க ஊர் ஊராக இணைப்பைத் துண்டித்தார்கள். சுழற்சி முறை என்றார்கள். எங்கள் தெருவில் சுழற்சியே நடக்கவில்லை, போனது போனதுதான். மாநிலம் முழுக்க 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் நிறுவனங்களும் இருளில் கிடந்தன. மறுநாள் காலை ஹூஸ்டன் விமான நிலையத்தில் பதிவான வெப்பநிலை 13 பாரன்ஹீட், செல்சியஸில் மைனஸ் 10-க்கும் கீழே. ஒன்றரை நாளுக்கும் மேலாக உறைநிலைக்கு மேலே ஏறவே இல்லை. வீட்டுக்குள்ளேயே குழந்தைகளுக்குக் குல்லாய் மாட்டி, எல்லோரும் ஒரே அறையில் படுத்திருந்தோம்.

கேஸ் அடுப்பு எரிந்ததால் தண்ணீர் காய்ச்சி வாளி வாளியாகக் குடிலுக்குள் கொண்டுபோய் வைத்தோம். கரி அடுப்பை மூட்டி உள்ளே வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார், மறுத்துவிட்டேன். அந்த வாரம் வீட்டுக்குள் கரியும் ஜெனரேட்டரும் வைத்து, கார்பன் மோனாக்சைடால் இந்த ஊரில் பலர் இறந்தார்கள். பூந்தொட்டிக்காக அந்த ஆபத்தை யாரும் எடுக்கக் கூடாது.

குடில் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எங்கள் குடிலின் சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 35 சதுர மீட்டர். இடுக்கு வழியே போகும் காற்றையும் சேர்த்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு செல்சியஸ் வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 140 வாட் வெப்பம் வெளியேறும். வெளியே மைனஸ் 10 இருக்கும்போது உள்ளே 10 டிகிரி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 3000 வாட் தேவை. 1500 வாட் ஹீட்டர் பத்துப் பதினோரு டிகிரிதான் ஏற்றும். அதாவது அன்று மின்சாரம் இருந்திருந்தாலும் உள்ளே பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் நின்றிருக்கும். இரண்டாவது ஹீட்டரை அதே இணைப்பில் சொருகவும் முடியாது, 15 ஆம்ப் சர்க்யூட் தாங்காது. இந்த விவரம் எதையும் விற்பவர்கள் பெட்டியில் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குளிர் விட்டு வெயில் வந்த அன்றுதான் உண்மையான சேதம் தெரிந்தது. உறைந்திருந்தவரை இலைகள் விறைப்பாகப் பச்சையாகவே இருந்தன. செல்களுக்கு இடையே பனி உருவாகும்போது அது செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். உருகியதும் எல்லாம் துவண்டு, வெந்நீரில் போட்ட கீரை போலக் கறுத்துவிட்டது. வாண்டாக்களின் வேர்கள் தொட்டால் கையோடு உரிந்து வந்தன. பலாக்கன்று முன்னால் நின்று அழுதேன். அம்மாவிடம் சொல்ல மனசு வர வெகுநாள் ஆயிற்று.

ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் பழக்கமான மாமி ஒருவர் அந்த வாரம் ஃபோன் செய்தார். "இலையைப் பார்த்து அழாதே கண்ணா, வேரைப் பாரு. மே மாசம் வரைக்கும் ஒரு தொட்டியையும் தூக்கிப் போட்டுடாதே." நான் வாங்கிய எந்தக் கருவியையும்விட அந்த வார்த்தை பயன்பட்டது. நகத்தால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே தரையில், குடிலின் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் நின்ற முருங்கை வேரிலிருந்து துளிர்த்தது. சருகை மேடாகக் குவித்து வைத்திருந்த வாழை கிழங்கிலிருந்து வந்தது. வேலியோரம் மண்ணில் இருந்த மல்லியும் வந்தது. குடிலுக்குள் சிறு தொட்டிகளில் இருந்தவை ஒன்றும் பிழைக்கவில்லை. நிலத்துக்கடியில் மண் அவ்வளவு சீக்கிரம் குளிர்வதில்லை. மேசை மேல் இருக்கும் தொட்டியிலோ நாலாபுறமும் குளிர் இறங்கி வேரையே உறைய வைக்கிறது. பெரிய தொட்டிக் கறிவேப்பிலை கோடை தொடங்கும் சமயம் அடியிலிருந்து ஒரு கன்று விட்டது. ஒட்டு மாவும் துளிர்த்தது, ஆனால் ஒட்டுக்குக் கீழே. இனி அது நாங்கள் வாங்கிய ரகம் இல்லை.

வெற்றிலை, மாமி வீட்டு சமையலறை ஜன்னலிலிருந்து திரும்பி வந்தது. 2019-ல் நான் கொடுத்த கொடியின் துண்டு அது. கறிவேப்பிலை வைத்திருப்பவர்களும் இப்படிக் கன்றுகளை உள்ளூரிலேயே பகிர்ந்து வைக்கலாம். அது எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் சிட்ரஸ் கிரீனிங் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. போனால் இன்னொன்று வாங்குவது எளிதல்ல.

இப்போதைய ஏற்பாட்டுக்கு வருகிறேன். மின்சாரம் தேவைப்படாத புரொப்பேன் (எரிவாயு) ஹீட்டர் ஒன்று இருக்கிறது. கூரை ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்து, கார்பன் மோனாக்சைடு அலாரத்தோடுதான் அதை எரிக்க வேண்டும். அரைகுறையாக எரிந்தால் வரும் எத்திலீன் வாயு ஆர்க்கிட் மொட்டுகளை உதிர்த்துவிடும். தண்ணீர் டிரம் வைத்தால் சூடு தங்கும் என்று பலர் சொல்கிறார்கள். 200 லிட்டர் தண்ணீர் பத்து டிகிரி குளிர்ந்தால் கிடைப்பது சுமார் 2.3 யூனிட், எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக்கூட வராது. டிரம்மை எடுத்துவிட்டேன். நன்றாக உதவுவது, குடிலுக்குள்ளேயே ஒரு மூலையில் பிளாஸ்டிக் கூடாரம் அடித்து, முக்கியமான செடிகளை மட்டும் அதில் நெருக்கி வைப்பது. சூடாக்க வேண்டிய பரப்பு குறைந்துவிடுகிறது. 2022 டிசம்பர் குளிரையும், 2025 ஜனவரியில் ஹூஸ்டனில் பனி கொட்டிய நாளையும் இப்படித்தான் கடந்தோம். கூரையில் சில அங்குலம் பனி நின்றும் தகடுகள் வளையவில்லை.

காற்றுதான் இந்தக் குடிலின் பெரிய பலவீனம். 2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது தகடுகளைப் பிடிக்கும் கிளிப்புகள் தெறித்து, இரண்டு தகடுகள் பக்கத்து வீட்டில் போய் விழுந்தன. சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அடித்தளத்தைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தோம். அப்போதும் பல நாள் மின்சாரம் இல்லை. விசிறி ஓடாத குடிலில் ஜூலை வெயிலும் செடிகளைக் கொல்லும். எல்லாவற்றையும் மரத்தடி நிழலுக்குத் தூக்கினோம். கிளிப்புகளோடு திருகாணியும் சிலிகானும் சேர்த்துப் பூட்டுங்கள், நிழல்வலையும் கட்டாயம் வாங்குங்கள்.

விதை முளைக்க வைக்கவும், மார்கழியிலும் மல்லி பறிக்கவும் ஆசையிருந்தால் இந்தக் குடில் கொடுத்த பணத்துக்குத் தகும். கறிவேப்பிலையும் வெற்றிலையும் மட்டும்தான் என்றால் வேண்டாம், சக்கரம் வைத்த தொட்டியும் ஒரு கராஜும் போதும். வாங்குகிறவர்கள் செலவில் மூன்றில் ஒரு பங்கை மின்சாரம் இல்லாத சூட்டுக்கு ஒதுக்குங்கள். புரொப்பேன் சிலிண்டரை நவம்பரிலேயே நிரப்பிவிடுங்கள், குளிர் எச்சரிக்கை வந்த பிறகு கடையில் கிடைக்காது.