பெருகும் கிருமியும் உறங்கும் கிருமியும்

தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனையில் மாத்திரை வாங்குவோர், "இருமல்தான் நின்றுவிட்டதே, ஆறு மாதம் எதற்கு?" என்று கேட்டால், அதற்கு விடை காசநோய்க் கிருமியின் இரு நிலைகளில் இருக்கிறது. பெருகும் கிருமி ஏறக்குறைய 20 மணி நேரத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரிவதால், புதிய செல்சுவரைக் கட்டியாக வேண்டும். அந்தக் கட்டுமானத்தைக் குலைக்கும் ஐசோனியாசிட் என்னும் மருந்துக்கு எளிதில் பலியாகிறது. உறங்கும் கிருமியோ, கண்மாய் வற்றியதும் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் விராலைப் போன்றது. கிருமியைச் சுற்றி உடல் எழுப்பும் காசக் கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்ததும், டாஸ்-ஆர் என்னும் புரதம் ஏறத்தாழ 50 மரபணுக்களை முடுக்கிவிட, கிருமி பிரிவதை நிறுத்தி, தன்னுள் சேர்த்துவைத்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவிட்டு, ஆண்டுக்கணக்கில்கூடக் காத்திருக்கிறது. உறக்கம் கலையாதவரை அதனிடம் ஐசோனியாசிட் அவ்வளவாக எடுபடாது. அவ்வப்போது விழிப்பவற்றை ரிஃபாம்பிசின் என்னும் இன்னொரு மருந்து பிடித்துவிடுகிறது; அதற்காகத்தான் அந்த ஆறு மாதம். எனக்கு அதிக அச்சம் தருவது, சளிப் பரிசோதனையில் சிக்காத இந்த இரண்டாவதுதான்.