எழுத்தில் சுருங்கிய பெருநகரங்கள்: ஓர் அமெரிக்கச் சுவர் வரைபடம் பற்றிய மதிப்புரை

கும்பகோணத்துப் புத்தகக் கடையொன்றில் 450 ரூபாய்க்கு வாங்கிய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுவர் வரைபடம், தாளிலும் வண்ணத்திலும் அந்த விலைக்குக் குறை சொல்ல முடியாதது. ஒரு மீட்டருக்குச் சற்று நெருங்கிய அகலம், மேலும் கீழும் பிளாஸ்டிக் குச்சி, இருபுறமும் லேமினேஷன், ஒரு சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர் என்ற அளவுகோல் என எல்லாம் சரியாகவே அமைந்திருக்கின்றன. ஆயினும் எங்கள் பக்கத்தில் இதை யார் வாங்குகிறார்களோ, அவர்களுடைய கேள்விக்கு இது பாதிப் பதிலைத்தான் சொல்கிறது.

டெல்டாவில் இத்தகைய வரைபடத்தை வாங்குகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளைவிட, மகனையோ மகளையோ அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் இருக்கும் ஊர் எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்க்க விரும்பும் பெற்றோரே அதிகம் என்று கடைக்காரர் சொன்னார். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் இருப்பதில்லை. கொலம்பஸ் என்றோ, இண்டியானாபோலிஸ் என்றோ, ஜாக்சன்வில் என்றோ ஊர்ப் பெயரைச் சொன்னால் "அது நியூயார்க் பக்கமாக்கா?" என்று அடுத்த வீட்டில் கேட்பார்கள், சொன்னவருக்கும் உறுதியாகத் தெரியாது. ஏதோ சிற்றூரில் பிள்ளை மாட்டிக்கொண்டான் என்ற எண்ணம் இருவருக்கும் வந்துவிடும். ஆனால் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜாக்சன்வில்லில் 9,49,611 பேரும், ஃபோர்ட் வொர்த்தில் 9,18,915 பேரும், கொலம்பஸில் 9,05,748 பேரும், இண்டியானாபோலிஸில் 8,87,642 பேரும் வாழ்ந்தார்கள். உலகமே அறிந்த சான் பிரான்சிஸ்கோவின் கணக்கு 8,73,965. அதாவது இந்த நான்கு ஊர்களையும்விடக் குறைவு.

வரைபடத்தில் ஒவ்வொரு நகரத்துக்கும் இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன: ஒரு புள்ளி, ஒரு பெயர். புள்ளியின் பருமன் மக்கள்தொகையைப் பொறுத்தது என்று விளக்கப் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். அதை ஓரளவு ஒழுங்காகப் பின்பற்றியும் இருக்கிறார்கள். பெயரின் எழுத்தளவு மட்டும் எந்த விதிக்கும் கட்டுப்படாமல், புகழின் பின்னால் ஓடுகிறது. சான் பிரான்சிஸ்கோ தடித்த பெரிய எழுத்தில் பசிபிக் கடலுக்குள் நீண்டு கிடக்க, அதற்குத் தெற்கே அதைவிடப் பெரிய நகரமான சான் ஹோசே மெல்லிய எழுத்தில் மலைகளின் நிழலில் மறைந்திருக்கிறது. டாலஸின் பெயர் ஒரு விரல் நீளம். அதற்கு மேற்கே ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஃபோர்ட் வொர்த்தின் பெயருக்கு இடமில்லாமல் அதைச் சாய்த்து எழுதியிருக்கிறார்கள். அதே டெக்சஸ் மாநிலத்தில் டாலஸைவிட மக்கள் அதிகமுள்ள சான் அன்டோனியோவுக்கும் (14,34,625 பேர்) இரண்டாம் தர எழுத்துதான். கொலம்பஸ் ஒஹையோ மாநிலத் தலைநகரம் என்பதால் ஒரு நட்சத்திரக் குறி பெற்றிருக்கிறது. ஆனால் மாநிலத்தின் பெயரை அகலப் பரப்பி அச்சிட்டபோது அதன் ஓர் எழுத்து நகரப் பெயரின் மேலேயே ஏறி நிற்கிறது. "நியூயார்க், வாஷிங்டன் எல்லாம் பெருசாவே போட்டிருக்கான் சார், பாருங்க" என்று கடைக்காரர் காட்டியதும் அந்த எழுத்தளவைத்தான்.

இந்த நகரங்கள் எப்படி இவ்வளவு பெரிதாயின என்று தெரிந்தால், ஏன் பேசப்படுவதில்லை என்பதும் ஓரளவு விளங்கும். கொலம்பஸின் வரலாறு டெல்டாக்காரர்களுக்கு எளிதில் பிடிபடக்கூடியது, ஏனென்றால் அது தண்ணீரின் வரலாறு. 1950-களில் அந்நகர நிர்வாகம், குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வேண்டுமென்று கேட்ட சுற்றுப்புறப் பகுதிகளிடம், நகர எல்லைக்குள் சேர்ந்தால்தான் இணைப்பு தரப்படும் என்று நிபந்தனை விதித்தது. சுற்றியிருந்த புது மனைகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. நகரம் பரப்பிலும் தொகையிலும் வீங்கியது. அதே ஒஹையோவில் கிளீவ்லாந்து பழைய எல்லைக்குள்ளேயே நின்று மக்களை இழந்தபோது கொலம்பஸ் வளர்ந்ததற்கு இந்தக் குழாய்க் கொள்கை ஒரு முக்கியக் காரணம். மடையைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் இன்னும் சுருக்கமான வழியில் பெரிதானது: 1968-இல் நகரத்தையும் அது அமைந்திருந்த டுவால் மாவட்டத்தையும் ஒரே நிர்வாகமாக இணைத்துவிட்டார்கள். இதனால் அதன் நிலப்பரப்பு 1,900 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது, அதாவது தஞ்சாவூர் மாவட்டத்தில் பாதிக்கும் மேல் ஒரே நகராட்சி. அலாஸ்காவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பரப்பளவில் அமெரிக்காவின் மிகப் பெரிய நகரம் அதுதான். இண்டியானாபோலிஸிலும் ரிச்சர்ட் லூகர் மேயராக இருந்தபோது, 1970-இல் இதே போன்ற இணைப்பு நடந்தது. மாறாக பாஸ்டன் சுமார் 125 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிய ஊர்.

ஆகவே வரைபடம் தயாரித்தவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் நெப்ராஸ்காவின் ஓமஹா (4,86,051) மயாமியைவிட (4,42,241) பெரியது. ஆனால் சுற்றுப்புறங்களையும் சேர்த்த பெருநகரப் பகுதியாகப் பார்த்தால் மயாமியில் 61 லட்சம் பேர். பாஸ்டன் பகுதியில் 49 லட்சம் பேர், ஜாக்சன்வில் பகுதியிலோ 16 லட்சம் பேர்தான். எழுத்தளவைப் பெருநகரப் பகுதியின் கணக்குப்படி வைத்தோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். அப்படி எங்கும் சொல்லவில்லை. சொல்லாமல் அப்படிச் செய்யவுமில்லை. 21 லட்சம் பேர் கொண்ட பெருநகரப் பகுதியின் தலைநகரான கொலம்பஸைவிட, சூதாட்டக் கூடங்களின் புகழால் அட்லாண்டிக் சிட்டி என்ற சிறிய கடற்கரை ஊர் பெரிய எழுத்தில் இருப்பதற்கு எந்தக் கணக்கும் இடம் தராது.

எனக்கு மிகவும் வருத்தமளித்தது டெக்சஸின் எல்லை நகரமான எல் பாசோவின் நிலை. 6,78,815 பேர் வாழும் அந்நகரம் பாஸ்டனைவிட ஓர் இழை பெரியது. ரியோ கிராண்டே ஆற்றின் வடகரையில், மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரஸை நேர் எதிரே வைத்துக்கொண்டிருக்கிறது. அலாஸ்காவையும் ஹவாயையும் அடைத்த சிறு பெட்டிகளை வரைபடத்தின் இடது கீழ் மூலையில் வைத்தபோது, ஹவாய்ப் பெட்டியின் விளிம்பு சரியாக ஹுவாரஸின் மேல் விழுந்துவிட்டது. இரட்டை நகரங்களில் ஒன்று காணாமற்போனதுடன், இரண்டுக்கும் இடையே ஓடும் ஆறும் அவ்விடத்தில் அறுந்து நிற்கிறது. அந்த ஆறு சாதாரண ஆறு அன்று. இரு நாடுகளுக்கும் எல்லையாக வகுக்கப்பட்ட பிறகு, 19-ஆம் நூற்றாண்டு வெள்ளங்களில் அது தெற்கு நோக்கி நகர்ந்தது. மெக்சிகோவின் சமிசால் என்ற நிலப்பகுதி அமெரிக்கக் கரைக்கு வந்து சேர்ந்தது. நிலம் யாருக்கு என்ற வழக்கு நூறாண்டு இழுத்து, 1963-இல் ஒப்பந்தமாகி, நிலத்தில் பெரும் பகுதி மெக்சிகோவுக்குத் திரும்பியது. ஆறு மீண்டும் நகராதபடி அதைச் சிமெண்டுக் கால்வாய்க்குள் விட்டுவிட்டார்கள். கொள்ளிடக் கரையில் படுகை நிலம் வைத்திருக்கும் எவரும் இந்த வழக்கை ஒரே மூச்சில் புரிந்துகொள்வார். அந்த இடத்தில் வரைபடம் நமக்குக் காட்டுவதோ ஹவாயின் நீல நிற ஓரம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மெம்ஃபிஸுக்கு நல்ல எழுத்து கிடைத்திருக்கிறது, இசையின் புண்ணியம். 1973 முதல் ஃபெடெக்ஸ் பார்சல் நிறுவனத்தின் தலைமையிடமாக இருந்து, இரவெல்லாம் பார்சல்களைப் பிரித்தனுப்பும் ஊரும் அதுதான். அதே வேலையை யுபிஎஸ் நிறுவனத்துக்குச் செய்யும் லூயிவில் வழக்கம்போல் சிறு எழுத்தில் இருக்கிறது. ஃபோர்ட் வொர்த்தைப் பற்றி ஒரு செய்தி: அமெரிக்க டாலர் நோட்டுகள் அச்சாகும் இரண்டு இடங்களில் அது ஒன்று. மகன் கொடுத்துவிட்டுப் போன டாலர் நோட்டு வீட்டில் இருந்தால், முகப்பில் மிகப் பொடியாக 'எஃப்.டபிள்யூ.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் உள்ளனவா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். இருந்தால் அது அந்த ஊரில் அச்சானது.

பின்புறத்தில் 50 மாநிலங்களின் தலைநகரம், பரப்பளவு, மக்கள்தொகை கொண்ட அட்டவணை இருக்கிறது. பயனுள்ள பகுதிதான், ஆனால் எண்கள் 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. முன்புறத்துப் புள்ளிகளும் அந்தப் பழைய கணக்கின்படியே என்பதால், 2020 கணக்கெடுப்பில் 10 லட்சத்தைத் தாண்டிய சான் ஹோசே இன்னும் கீழ்த்தட்டிலேயே இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் ஃபோர்ட் வொர்த் 7,41,206-இலிருந்து ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேல் வளர்ந்ததும் தெரியாது. சுவரில் மாட்டும் பொருளுக்கு இது சிறு குறை அன்று, வாங்கியவர் பத்து வருடமாவது அதைக் கழற்றப்போவதில்லை.

ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டுச் சுவர் ஓதம் காத்தபோதும் லேமினேஷன் பிரியவில்லை, கீழ்க்குச்சி மட்டும் ஒரு பக்கம் வளைந்தது. ஆணி அடிக்கும்போது வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பெருநகரப் பகுதிகளை மெல்லிய நிறத்தில் தீட்டி, எழுத்தளவைப் புள்ளியோடு பொருத்தி, ஹவாய்ப் பெட்டியை இன்னும் இடப்பக்கம் தள்ளினாலே அடுத்த பதிப்பு மிகவும் தேறிவிடும். அதுவரை, பிள்ளை நியூயார்க்கிலோ சிகாகோவிலோ சியாட்டிலிலோ இருந்தால் தயங்காமல் வாங்கலாம். அரிசோனாவின் மேசாவில் இருந்தால் வாங்க வேண்டாம்: அட்லாண்டாவைவிட மக்கள் அதிகமுள்ள அந்த ஊர், பக்கத்திலிருக்கும் ஃபீனிக்ஸின் பெயருக்கு இடம்விட்டு வரைபடத்திலேயே இல்லாமற்போய்விட்டது. மற்ற ஊர்க்காரர்கள் பணம் கொடுப்பதற்கு முன் கடை மேசையிலேயே விரித்துத் தேடிப் பார்த்துவிடுங்கள்; சுருளைப் பிரித்துக் காட்டக் கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை.