ஜார்ஜியாவிலிருந்து ஃபிளோரிடாவுக்கு: துப்பாக்கி உரிமத்துக்கு எந்த வழி நல்லது?

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவிலிருந்து ஃபிளோரிடாவின் டாம்பாவுக்கு வீடு மாறும்போது ஓட்டுநர் உரிமத்தை மாற்றிக்கொள்வது எளிது. கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தை அப்படி மாற்ற முடியாது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத்தான் வழங்குகிறது. ஆக, மூன்று வழிகள்: பழைய உரிமத்தையே நம்புவது, உரிமமே இல்லாமல் இருப்பது, புதிதாக வாங்குவது.

ஜார்ஜியா உரிமத்தை ஃபிளோரிடா ஏற்கிறது. ஆனால் வைத்திருப்பவர் ஜார்ஜியாவாசியாக இருக்க வேண்டும். குடிபெயர்ந்து வந்தவருக்கு 90 நாள்தான். வாக்காளராகப் பதிவு செய்தாலோ, வசிப்பிட உறுதிமொழி கொடுத்தாலோ, குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் சொத்துவரிச் சலுகை கேட்டாலோ அந்தக் கணக்கு தொடங்கிவிடும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு ஓட்டு இல்லை; வீடு வாங்கியதும் நிரப்பும் வரிச்சலுகைப் படிவம்தான் பெரும்பாலும் முதலில் வரும். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இரண்டாவது வழிதான் இப்போது பலருக்கும் பிடித்தது. 2023 ஜூலை 1 முதல், ஃபிளோரிடாவில் தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலேயே மறைத்து எடுத்துச் செல்லலாம். செலவில்லை, அடையாள அட்டை போதும். சரி, சிக்கல் எங்கே? பள்ளிக்கூடத்தில். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. குண்டு இல்லாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும், தனியார் நிலத்தில் இருந்தாலும் பிரச்சினை இல்லை. மற்றபடி, இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு பள்ளியைத் தாண்டி கார் ஓட்டினாலே மத்தியக் குற்றம் ஆகலாம். நகரத்துக்குள் பள்ளியைத் தாண்டாமல் எந்தத் தெருவில் போவது? சட்டத்தின் வாசகப்படி பழைய ஜார்ஜியா உரிமமும் இங்கே உதவாது. என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணமே போதும், முதல் இரண்டு வழிகளையும் ஒதுக்கிவைக்க.

மிஞ்சுவது ஃபிளோரிடா உரிமம். வழங்குவது அம்மாநில வேளாண்மை, நுகர்வோர் சேவைத் துறை. 7 ஆண்டுகள் செல்லும். ஜார்ஜியா கேட்காத ஒன்றை இவர்கள் கேட்கிறார்கள்: சுட்டுப் பயிற்சி எடுத்ததற்கான சான்று. அது நல்லதுதான், பயிற்சி இல்லாமல் யாரும் துப்பாக்கியோடு வெளியே போகக் கூடாது என்பது என் கருத்து. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஃபிளோரிடா உரிமத்தை ஏற்கின்றன. இந்த உரிமம் இருந்தால், உள்ளூரில் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கும்போது 3 நாள் காத்திருப்பும் கிடையாது.

விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க அவர்களுக்கு 90 நாள் வரை அவகாசம். பழைய உரிமத்துக்குக் கிடைப்பதும் அதே 90 நாள் என்பதால், தாமதித்தால் இடைவெளி விழும். நல்லவேளையாக வெளிமாநிலத்தவருக்கும் ஃபிளோரிடா உரிமம் தருகிறது. அதனால் அட்லாண்டாவில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். வீடு மாறிய 30 நாளுக்குள் முகவரியைத் தெரிவித்தால் போதும்.

எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றுமே பொருந்தாது. ஃபிளோரிடாவில் உரிமம் பெறவும், உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்லவும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு.