ரேயின் பண்ணையா, நிபு தீவா?

இயற்கையோடு இயைந்த வாழ்வைப் பழைய போலிஷ் இலக்கியம் இரண்டு விதமாகக் கனவு கண்டது. முதலாவது, மிகோவாய் ரேய் 1568இல் எழுதிய உரைநடை. நேர்மையான ஒரு நிலப்பிரபுவின் வருடத்தைப் பருவம் பருவமாகச் சொல்கிறார். வசந்தத்தில் மனைவியோடு தோட்டத்தில் நடந்து மரங்களுக்கு ஒட்டுக் கட்டுகிறான். இலையுதிர் காலத்தில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், ஆப்பிள் பறித்துச் சேமிக்கிறார்கள். படிக்கும்போதே பசிக்கிறது.

ஆனால் அந்த நிலத்தை உழுதது யார்? 1520 முதலே போலந்தில் குடியானவர்கள் வாரத்துக்கு ஒரு நாளாவது பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த உழைப்பின் வலி ரேயின் தோட்டத்துக்குள் எட்டவில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

அடுத்தது 1776இல் பிஷப் இக்னாட்ஸி க்ரஸிட்ஸ்கி எழுதிய நாவல், போலிஷ் மொழியின் முதல் நாவல். கப்பல் உடைந்து நிபு என்ற கற்பனைத் தீவில் கரையேறும் இளம் பிரபுவை அங்குள்ள பெரியவர் ஒருவர் வயலில் இறக்கிப் பழக்குகிறார். அங்கே பணம் இல்லை, ஆயுதம் இல்லை. எல்லோரும் உழுகிறார்கள்.

மண்வாசனைக்கு ரேய்தான். நிபு கொஞ்சம் பாடம் நடத்துகிற ஊர். இருந்தும் என் ஓட்டு நிபுவுக்கே. பிரபுவின் கையிலும் அது வேலையைக் கொடுக்கிறது. கடைசியில் ஊர் திரும்பியவன், தன் குடியானவர்களைக் கனிவோடு நடத்துகிறான்.